வெயிலில் வைத்த கேமரா

கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஐந்து நாள் மூடுபனியும் தூறலுமாகக் கழிந்து, அன்றுதான் கொல்லிமலை வாசலூர்பட்டியில் வெயில் அடித்தது. கண் கூசுகிற வெயில். படகுத்துறைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பழைய ஃபிலிம் கேமரா மல்லாந்து கிடந்தது. மூடி தனியாகப் பக்கத்தில் இருந்தது. லென்ஸ் நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு எழுபத்தொரு வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இருந்தும் அந்தச் சுவர் வரைக்கும் ஓடினேன். மூடியை எடுத்து லென்ஸின் மேல் அழுத்திய பிறகுதான் மூச்சு வாங்கியது.

“ஹலோ, என் கேமராவ எதுக்குத் தொடறீங்க?” என்று ஒரு பெண் படகுச் சீட்டு வரிசையிலிருந்து ஓடி வந்தாள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையாம். இருபத்தெட்டு வயது இருக்கும்.

“இதை யாரு வெயில்ல வெக்கச் சொன்னது?”

“பனியில ஈரம் ஏறிடுச்சு அங்கிள். வெயில் காட்டினா ஃபங்கஸ் போயிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க.”

“ஓட்டை விழுந்தா அந்த வீடியோக்காரன் வந்து ஒட்டிக் குடுப்பானா?”

“என்ன ஓட்டை?”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேமராவின் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஃபிலிம் இல்லை. லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமிருந்து அவளுடைய போன் விளக்கை அடித்தேன். எங்கும் வெளிச்சம் கசியவில்லை. நேரத்தோடு பார்த்தது நல்லதாகப் போயிற்று. இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டாள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்றேன். ஃபிலிமில் படம் எடுப்பவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு இதழ் ஒன்று இருப்பதாகவும், அதற்கு எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டாள். செம்மேட்டில் ஆசிரியையாக இருக்கும் என் மகளும், “எழுதுங்கப்பா, அந்த நேரமாவது எங்களை நச்சரிக்காம இருப்பீங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பி.யூ.சி. தேறியவன். வேறு வேலை கிடைக்காமல் சேலத்தில் கேமரா பழுது பார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். முதல் ஆண்டு துடைத்தேன். இரண்டாம் ஆண்டு ஸ்க்ரூக்களைப் பிரித்து வரிசை மாறாமல் அடுக்கினேன். மூன்றாம் ஆண்டுதான் ஷட்டரைத் தொட விட்டார்கள். அந்தக் கடையில் மொத்தம் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். நான் சொல்லப்போவது நடந்தது பத்தாவது வருடத்தில்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு மான்தோல் துணி. கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். துணியை இரண்டாக மடித்தால் யோசிக்கிறார். நான்காக மடித்தால் முடிவு செய்துவிட்டார். “பார்க்கலாம் தம்பி” என்றால் இல்லை என்று அர்த்தம். சம்பளத்தை ஒரு மாதமும் தாமதித்ததில்லை. தீபாவளிக்கு என் அம்மாவுக்கும் சேர்த்துச் சேலை எடுத்துக் கொடுப்பார்.

கேமராவில் என்ன பழுது என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். பில்லில் ‘சர்வீஸ்’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். “டாக்டரு சீக்கப் பேரு சொல்லலாம் தம்பி. நாம சொல்லக்கூடாது. சொன்னா அடுத்த தடவை அவங்களே ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிருவாங்க” என்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏற்காடு, கொல்லிமலை என்று மலைமேல் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களின் கேமராக்களில் பூஞ்சை பிடிக்கும். லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரி படரும். துடைத்துக் கொடுத்துவிட்டு முதலாளி சிரித்த முகத்தோடு சொல்வார்: “ஊட்டுக்குப் போனதும் மாசம் ஒருக்கா நல்லா வெயில் காட்டுங்க. பூஞ்சை அண்டாது.” அது சரியான யோசனைதான். ஆனால் லென்ஸைக் கழற்றித் தனியாக வெயில் காட்ட வேண்டும் என்ற பாதியை அவர் சொல்வதில்லை. வஞ்சகம் ஒன்றும் இல்லை. அவருடைய வாக்கியங்கள் சிறியவை, அவ்வளவுதான்.

அந்தப் பாதி ஏன் முக்கியம் என்று புரிய ஷட்டரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நான் சொல்லும் வகைக் கேமராவில் படம் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் விழுகிற லென்ஸ் வேறு. ஃபிலிமை ஒட்டினாற்போல ரப்பர் பூசிய கறுப்புத் துணித் திரைகள் இரண்டு உண்டு. குமிழைச் சுற்றினால் முதல் திரை வந்து ஃபிலிமை மூடி நிற்கும். பொத்தானை அழுத்தினால் அது விலகி ஓடும். இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி வந்து மூடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் படம் விழுகிறது. லென்ஸ் மூடியைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் வெளிச்சம் அந்தத் துணியின் மேல்தான் விழுந்துகொண்டிருக்கும். சூரியனுக்கு நேராக வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகிவிடும். துணி பொசுங்க அரை நிமிடம்கூட வேண்டாம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, கொல்லிமலைச் செம்மேட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த குழந்தைவேல் கடைக்கு வந்தார். ஐம்பது வயது. பேளுக்குறிச்சியில் பிறந்து, மலைமேல் போய்த் தொழில் வைத்தவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒரு கல்யாணத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே தாலி கட்டுகிற படம் எடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் அடிவாங்காமல் தப்பிய கதையை வந்தபோதெல்லாம் சொல்வார். “அன்னையிலிருந்து கேமராவக் கையில எடுத்தா மொதல்ல மூடியக் கழட்டிருவேனுங்க. கோமணம் நழுவினாக்கூட அப்புறந்தான் பாப்பேன்.”

அன்று அவர் சிரிக்கவில்லை. கேமராவை மேசைமேல் வைத்தார். ஷட்டர் சோம்பலாக ஓடுகிறது என்றார். பிறகு முதலாளியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏனுங்க, நம்ம கண்ணுக்குத் தெரியாத சீக்கு கேமராவுக்குத் தெரியுமுங்களா?”

“என்னங்க கேக்கறீங்க?”

சட்டைப்பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் அவருடைய மகள் சரசு. பத்தொன்பது வயது. இரண்டிலும் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் படத்தில் மிளகளவு. இரண்டாவதில் அதைவிடப் பெரிது, வெளுப்பும் அதிகம்.

அவர் சொன்னது இது. பேளுக்குறிச்சியில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பத்தில் சரசுவைக் கேட்டிருந்தார்கள். நல்ல இடம். முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள். இவரே எடுத்தார். கழுவிப் பார்த்தால் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி. நெகட்டிவில் தூசி ஒட்டியிருக்கும் என்று துடைத்தார். போகவில்லை. ஸ்டுடியோக்காரர் எல்லோரும் செய்வதுதான், மெல்லிய தூரிகையால் மை தொட்டுப் புள்ளியை மறைத்து அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா படத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார். மை வைத்த இடம் மட்டும் பளபளப்பு இல்லாமல் தெரிந்துவிட்டது. பெண்ணுக்கு வெண்குஷ்டம், அதை மை பூசி மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மை தொடாமல் இன்னொரு படம் அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகு பெண் பார்க்க வருகிறோம் என்று தரகர் வந்து சொன்னார். இவர் இரண்டாவது தடவை எடுத்தார். புள்ளி வளர்ந்திருந்தது.

“அந்தப் படத்த அனுப்பலீங்க. எப்படி அனுப்பறது?”

“அதே ரோல்ல மத்த படங்கள்ல இருக்குதுங்களா?”

“ஒண்ணுலயும் இல்லீங்க. ரேஷன் கார்டுக்கு எடுத்தது, கைக்கொழந்தைக்கு எடுத்தது, எல்லாம் துடைச்ச மாதிரி இருக்குது. எம் புள்ளைக்கு மட்டுந்தான்.”

“நேர்ல பாத்தா?”

“நேர்ல ஒண்ணுமே தெரியலீங்க. ஆனா படம் சொல்லுதே?”

முதலாளி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மற்ற படங்கள் சுத்தமாக இருக்கும்போது கேமராவை யார் சந்தேகப்படுவார்கள்? முதலாளி, கடைக்கு வரும் கேமராவைப் பற்றி எல்லோரிடமும் சொல்வது போலவே சொன்னார்: “நல்ல லென்ஸுங்க இது. உள்ளத உள்ளபடி காட்டிரும்.”

குழந்தைவேல் தலையை ஆட்டினார். முப்பது வருடம் அந்தக் கேமராவில் சோறு சாப்பிட்ட மனிதர். தன் கண்ணுக்கும் கேமராவுக்கும் வழக்கு வந்தால் கேமரா பக்கம்தான் நிற்பார்.

“ராசிபுரத்து வைத்தியரு கார்போகரிசித் தைலம் குடுத்திருக்காருங்க. கன்னத்துல பூசி மூணு மணி நேரம் வெயில்ல உக்காரணுமாம். மூணு நாளைக்கு. வெளிய தலைகாட்டறதுக்கு முந்தியே வேரோட எடுத்துருமாம். ஆனா மலையில வெயிலுக்கு எங்க போறது? ஒரு வாரமா பனி மூடிக் கெடக்குது. எப்ப வெயில் வருமோன்னு காத்துக்கிட்டிருக்கமுங்க.”

கேமராவை விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் கடையில் வந்த வரிசைப்படிதான் வேலை. சுவரில் எண் போட்ட மாடங்கள் இருபத்து நான்கு. அவருடையது பதினேழாவது மாடம். அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம்தான் என் மேசைக்கு வந்தது.

முதலில் குமிழைத் தொட்டேன். ஷட்டர் சுற்றி வைத்தபடி, பொத்தானை அழுத்திச் சுடத் தயாராக இருந்தது. இது ஊர்ப்புற ஸ்டுடியோக்காரர்களின் பழக்கம். கூப்பிட்ட நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு படம் எடுத்ததுமே அடுத்ததற்குச் சுற்றி வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் கிடக்கும். அதனால்தான் ஷட்டர் சோம்பியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று முறுக்கி, காதருகே வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஷட்டரைக் காதால்தான் பார்க்க வேண்டும். சரியாக ஓடினால் ஒரே சத்தம். தேய்ந்திருந்தால் சத்தம் இரண்டாகப் பிளந்து கேட்கும். நான்காவது முயற்சியில் ஒன்றாயிற்று.

அதோடு மாடத்தில் வைத்திருக்கலாம். வந்த புகார் தீர்ந்துவிட்டது. ஆனால் துணித்திரை உள்ள கேமரா எதுவானாலும் கடைசியில் இருட்டறையில் வைத்து வெளிச்சம் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த வாய்க்குள் சிறிய பல்பை நுழைத்து, பின்பக்கம் திறந்து பார்த்தேன். இரண்டாவது திரை சுத்தம். குமிழைச் சுற்றி முதல் திரையைக் கொண்டுவந்தேன். கறுப்பில் ஒரு நட்சத்திரம் நின்றது.

குண்டூசித் தலையைவிடச் சிறிய துளை. ஓரம் பொரிந்திருந்தது. வெயில்தான்.

எனக்கு உடனே அந்த இரண்டு படங்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் மற்ற படங்களில் ஏன் இல்லை? ஒரு துண்டு ஃபிலிமைப் போட்டேன். முதல் கட்டத்தில் மூடியைத் திறந்ததும் சுட்டேன். இரண்டாவதில் விளக்கைப் பார்த்தபடி மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்து சுட்டேன். கழுவினேன். முதல் கட்டம் சுத்தமாக இருந்தது. இரண்டாவதில், படங்களில் கன்னம் இருந்த அதே இடத்தில், புள்ளி.

புரிந்துவிட்டது. ரேஷன் கார்டுக்கு வந்தவனை உட்கார வைத்து உடனே எடுத்து அனுப்பிவிடுவார். துளை வழியாக வெளிச்சம் ஃபிலிமைத் தொட நேரமே இருக்காது. சொந்த மகளை அப்படி எடுப்பாரா? மூடியை முதலிலேயே கழற்றிவிட்டு, சடையைச் சரிசெய்து, தாவணியை மடித்து, தாடையைத் தூக்கி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி கிட்டே போய்… அத்தனை நேரமும் அந்த நட்சத்திரம் அவள் கன்னத்தில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது தடவை இன்னும் அதிகக் கவனமாக எடுத்தார். அதனால் புள்ளி வளர்ந்தது.

ஈரம் காயாத ஃபிலிம் துண்டோடு முதலாளியிடம் போனேன். அவர் இரண்டு கட்டங்களையும் பார்த்தார். உடனே புரிந்துகொண்டார். அவர் முட்டாள் அல்ல.

“துளை எப்படி வந்துச்சுன்னு அவரு கேப்பாருல்ல தம்பி?”

“கேப்பாருங்க.”

“வெயில்ல வெச்சதுல வந்துச்சுன்னு சொல்லுவே.”

“ஆமாங்க.”

“வெயில்ல வெக்கச் சொன்னது யாருன்னு அடுத்ததாக் கேப்பாரு.”

அவர் துணியை இரண்டாக மடித்தார்.

“திரைய மாத்திரு. சர்வீஸ்னு பில் போட்டுரலாம். படம் நல்லா வந்தா அவரே சந்தோசமாப் போயிருவாரு.”

“அதுக்குள்ள அந்தப் பொண்ணு மொகத்துல தைலத்தப் பூசி வெயில்ல உக்கார வெச்சிருவாங்க முதலாளி. அந்தத் தைலம் பொல்லாதது. எங்க ஊர்ல ஒருத்தருக்குக் காலே வெந்து போச்சு.”

“வைத்தியம் நம்ம தொழில் இல்ல தம்பி. நம்ம தொழில் ஷட்டர்.”

“நாளைக்கு ஒரு நாள் லீவு குடுங்க, நானே நேர்ல…”

துணி நான்காக மடிந்தது. “பார்க்கலாம் தம்பி.”

சாயங்காலம் தபால் நிலையத்துக்குப் போய்ச் செம்மேட்டுக்கு டிரங்க் கால் கேட்டேன். மழையில் கம்பி அறுந்து கிடக்கிறது, சரிசெய்ய இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். பஸ் நிலையத்தில் மலைப் பக்கத்திலிருந்து வந்த கண்டக்டர் ஒருவரைப் பிடித்து வெயில் உண்டா என்று கேட்டேன். “வெயிலா? எதுக்கால வார வண்டியே கண்ணுக்குத் தெரியலீங்க. இன்னும் ஒரு வாரத்துக்கு இப்படித்தான்” என்றார். வெள்ளி, சனி இரண்டு நாளும் காலையில் வேலைக்குப் போகுமுன் பஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். பனிதான் என்றார்கள். ஞாயிறு கடை விடுமுறை. ஞாயிறு வரைக்கும் பனி நின்றால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு விடியுமுன் கிளம்பி ராசிபுரம் போய், அங்கே மலை பஸ் ஏறினேன். பேளுக்குறிச்சி தாண்டி, காரவள்ளியில் மலை தொடங்கும்போது மேலே வெள்ளையாக மூடியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சாலையில் கொண்டைஊசி வளைவுகள் எழுபது. நான் எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்தேழாவது வளைவில் பனி கிழிந்தது. பஸ்ஸுக்குள் மஞ்சளாக வெயில் விழுந்தது.

“அப்பாடா! சாமி கண்ணத் தொறந்துட்டாரு!” என்று முன்சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். “இன்னைக்காவது சாமையக் காயப் போட்டரலாம்.”

“பொழுது கெளம்புனதுல இருந்தே மேல நல்ல வெயிலுங்க” என்றார் டிரைவர்.

பஸ்ஸில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நான் மட்டும் இன்னும் எத்தனை வளைவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

செம்மேட்டில் இறங்கியபோது மணி பதினொன்றரை. ஸ்டுடியோவின் பின்பக்கம் வீடு. வாசலில் தார்ப்பாயில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி, ஸ்டுடியோவில் படம் எடுக்க உட்கார வைக்கும் அதே நாற்காலியில் சரசு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் எண்ணெயில் பளபளத்தது. குழந்தைவேல் அவள் தாடையை இரண்டு விரலால் தொட்டுச் சூரியன் நகர்ந்த பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இப்படி, கண்ணு. அசையாத… அட, சேலத்துத் தம்பி! வாங்க வாங்க. கேமரா ஆயிருச்சுங்களா?”

“மொதல்ல பாப்பாவ நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க. இருபது நாள் கழிச்சு இன்னைக்குத்தான் வெயிலே…”

ஃபிலிம் துண்டை அவர் கையில் கொடுத்தேன். துளையைச் சொன்னேன். யார் சொல்லி வெயிலில் வைத்தார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் துண்டை வானத்துக்கு எதிரே பிடித்து முதல் கட்டத்தையும் இரண்டாவதையும் பார்த்தார்.

“மொதத் தடவை சடைய மட்டுந்தான் சரி பண்ணினேன்” என்று தனக்குத்தானே சொன்னார். “ரெண்டாந்தடவை… சங்கிலி, பொட்டு, தாவணி… பத்து நிமிசம் இருக்கும். பத்து நிமிசம் தொறந்தே இருந்துச்சுங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி தண்ணீரும் சீயக்காயும் கொண்டு ஓடிவந்து மகளின் முகத்தைத் தேய்த்துக் கழுவினார். சரசு முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“அப்படீன்னா எனக்கு ஒண்ணும் இல்லீங்களாப்பா?”

“ஒண்ணும் இல்ல சாமி. ஒண்ணுமே இல்ல.”

“உங்க கேமராவுக்குத்தான் சீக்கு. மிச்சத் தைலத்த அதுக்குப் பூசி உக்கார வைங்க!”

எல்லோரும் சிரித்தோம். அவள் கன்னத்தை நான் அருகில் போய்ப் பார்த்தேன். சிவப்புகூட இல்லை. என்னை விடவே இல்லை, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தைவேல் பேளுக்குறிச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டார். குறை கேமராவில்தான், வெள்ளிக்கிழமை நல்ல நாள், நேரில் வந்து பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சாட்சிக்கு அந்த ஃபிலிம் துண்டையும் கொடுத்தனுப்பினார். திரும்பி வரும்போது எழுபது வளைவிலும் நான் தூங்கினேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் திரையை மாற்றினேன். பழைய துணியை உருளையிலிருந்து நீராவி காட்டிப் பிரித்து, அதே அளவுக்குப் புதியதை வெட்டி, கோணாமல் ஒட்டி, ஒரு ராத்திரி காய வைத்து, ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கினேன். என் கையில் அதைவிட நன்றாக ஒரு ஷட்டர் அமைந்ததில்லை.

குழந்தைவேல் கேமராவை வாங்க ஐந்து வாரம் கழித்து வந்தார். மத்தியான நேரம். மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி, இந்தப் பக்கம் நான். அவர் உட்காரவில்லை.

“பாப்பா கல்யாணம் எப்பங்க?” என்றேன்.

“அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனீங்கல்ல? திங்கக்கிழமை ராத்திரி எரியுதுன்னா. செவ்வாக்கிழமை செவந்துச்சு. புதன்கிழமை கொப்புளம். எலுமிச்சங்காத் தண்டி.” நிதானமாகச் சொன்னார். “நாமக்கல் பெரியாஸ்பத்திரியில காட்டினேன். அந்தத் தைலத்தோட வெயில் பட்டா உள்ள வெந்துருமாம். வெளிய தெரிய ரெண்டு நாளாகுமாம். அப்புறம் கழுவி என்ன பிரயோசனம்னு கேட்டாரு டாக்டரு.”

நான் மாடத்திலிருந்து கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“நாம ரெண்டு பேரும் ஃபிலிம்காரங்க தம்பி. வெளிச்சம் பட்டப்ப ஒண்ணும் தெரியாது, அப்புறந்தான் தெரியும்னு நமக்குத் தெரியாதுங்களா? உக்காந்து சோறு தின்னமே.”

“வெள்ளிக்கிழமை அவங்க…”

“வந்தாங்க. எட்டுப் பேரு. கார் வெச்சுக்கிட்டு வந்தாங்க. நாந்தானே கூப்புட்டேன்? கன்னத்துல கட்டுப் போட்டு உக்காந்திருக்கறா. படத்துல இருந்த அதே எடம். அந்தச் சித்தப்பா ஒண்ணுமே சொல்லலீங்க. ஒரு வாய் காபி குடிச்சாரு, கெளம்பிட்டாரு.” தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, “இப்ப காயம் ஆறிருச்சு. ஆறின எடம் வெள்ளையாயிருச்சு. படத்துல மெளகுத் தண்டி இருந்துச்சு. மொகத்துல ஒரு ரூவாக் காசுத் தண்டி இருக்குது” என்றார்.

கேமராவைக் கையில் எடுத்தார். முதலில் மூடியைக் கழற்றினார். குமிழைச் சுற்றிக் காதருகே வைத்துச் சுட்டார். ஒரே சத்தம்.

“நல்லா ஓடுதுங்க” என்றார். பிறகு முதலாளியைப் பார்த்துக் கேட்டார். அந்தக் குரலில் குத்தல் இருந்ததா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது: “இன்னமும் மாசம் ஒருக்கா வெயில் காட்டணுங்களா?”

முதலாளி துணியைப் பிடித்தபடியே நின்றார். மடிக்கவில்லை.

“லென்ஸக் கழட்டி வெச்சுட்டுக் காட்டுங்க” என்றார்.

குழந்தைவேல் பணம் எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டார். வேண்டாம் என்றேன். முதலாளிக்கு முன்னால் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்கூட. குழந்தைவேல் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாரேனுங்க” என்று போய்விட்டார். அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. சரசுவை மூன்றாவது வருடம் துறையூர்ப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள் என்று மலை பஸ் கண்டக்டர் சொல்லிக் கேள்விப்பட்டேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. என் மகள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

குழந்தைவேல் வந்துபோன அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. துணியை நான்காக மடித்துவிட்டு, கடைக் கணக்கு கடைக் கணக்குதான் என்றார். குழந்தைவேல் கட்ட வேண்டிய சர்வீஸ் பில் அறுபத்தைந்து ரூபாய். என் சம்பளத்தில் மூன்று மாதமாகப் பிடித்துக்கொண்டார். மலைக்குப் போக வர பஸ் கட்டணம் பதினோரு ரூபாய் நாற்பது பைசா. டிரங்க் கால் கிடைக்காததால் அதற்குச் செலவில்லை. சாப்பாடு அவர்கள் வீட்டில்.

ஆக, எனக்குப் போனது எழுபத்தாறு ரூபாய் நாற்பது பைசா.